பவுடர் டப்பா

மிச்சமிருந்த பொடியைச் சமையலறை சிங்க்கில் கொட்டிவிட்டுக் குணவதி குழாயைத் திறந்தாள். அது ஒரேயடியாகப் போய்த் தொலையவில்லை. ஓரத்தில் வெள்ளைத் திட்டுகளாக ஒட்டிக்கொண்டு நின்றது. பாத்திரம் துலக்கும் பஞ்சை எடுத்துத் தேய்த்தாள். ஹாலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினொரு மணிக்குப் பழனிசாமியை எரிக்க நேரம் வாங்கியிருந்தது. புருஷனை வழியனுப்பும் நாளில் இவளுக்கு சிங்க்கில் என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. துக்க வீட்டில் அழாமல் வேலை செய்கிறவளை நெருங்க எல்லோருக்கும் பயம்தான்.

கோபியிலிருந்து ஜனவரியில் வந்த பொடி அது. பள்ளி விடுமுறைக்கு மகள் பிரணவியை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போயிருந்தபோது அண்ணன் கொடுத்தார்.

"டாக்டருங்க குடுக்கிற மாத்திரைதான். நம்ம மெடிக்கல் கடைக்காரன் பொடிச்சுக் குடுத்தான். ருசியே இருக்காது. தெனமும் சோத்துல கால் ஸ்பூன் கலந்துரு. இது உள்ள இருக்கறப்ப குடிச்சான்னு வெய்யி, மூஞ்சி செவந்து, நெஞ்சு படபடன்னு அடிச்சு, வாந்தி எடுத்தே ஓஞ்சுபோவான். ரெண்டு தடவ பட்டா ஜென்மத்துக்கும் தொடமாட்டான். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்."

ஆக்லாந்து விமான நிலையச் சோதனையில் குணவதி நல்ல பிள்ளையாக ஊறுகாயைச் சொன்னாள், முறுக்கைச் சொன்னாள், பருப்புப்பொடியைச் சொன்னாள். அதிகாரி ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து பார்த்தார். முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை மட்டும் தொடவில்லை.

பிளாக்ஹவுஸ் பேயில் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே பழனிசாமி ஒரு சங்கதி சொன்னார். அவர் வேலை செய்யும் கிடங்கில் வந்தவர்களை ஊதச் சொன்னபோது மாட்டிக்கொண்டாராம். சிகிச்சைக்குப் போனால் வேலை போகாது என்றார்களாம். தங்கிப் படுக்கத் தேவையில்லை. திங்களும் வியாழனும் வேலை முடிந்து போய், வட்டமாக உட்கார்ந்து பேசிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். பேசிப் பேசிக் குடியை விட்டவர்கள் உலகத்தில் உண்டா என்று குணவதி நினைத்தாள். ஊராரிடம் அவருக்கு முதுகுவலி, பிசியோவுக்குப் போகிறார் என்று சொல்லிவைத்தாள். கோயிலில் பார்க்கிறவர்களெல்லாம் அக்கறையாக அவர் முதுகை விசாரித்தார்கள். அவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்றார்.

வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொல்லி அங்கே மூன்று தடவை காகிதம் கொடுத்தார்கள்.

"நான் வர மாட்டேன். நம்ம ஆளுக யாராச்சும் பாத்துட்டா?"

"பாத்தா என்ன, அவங்களும் அங்கதான வந்திருப்பாங்க" என்று சிரித்தார் பழனிசாமி. அவள் சிரிக்கவில்லை. தினமும் காலையில் அவருடைய தயிர்சாதத்தில் கால் ஸ்பூனைப் போட்டுக் கிளறினாள். அவர் குடிக்காமல் வந்த ஒவ்வொரு சாயங்காலமும் பொடி வேலை செய்கிறது என்று பூரித்தாள். அண்ணனுக்கு வாட்ஸப்பில் கைகூப்பும் படம்கூட அனுப்பினாள்.

போன வெள்ளிக்கிழமை நியூ லின் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சரிந்து விழுந்தார். பக்கத்தில் நின்ற பெண், முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது என்று போலீசிடம் சொன்னாளாம். பையில் காலி டிபன் பாக்ஸும் காலி பியர் கேன் ஒன்றும் இருந்தன. போலீஸ்காரி வீட்டுக்கு வந்து, என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்று கேட்டாள். பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றாள் குணவதி. ஏதாவது ஞாபகம் வந்தால் கூப்பிடுங்கள் என்று நம்பர் எழுதிய அட்டையை வைத்துவிட்டுப் போனாள். உடலை அறுத்துப் பார்த்துத் தந்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வர மாதக்கணக்கில் ஆகுமாம்.

ஹாலில் கொழுந்தன் ஜனார்த்தன் ஊருக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா மாமா, குடிதான். வேற என்ன? கடைசி வரைக்கும் விடல."

"தட்ஸ் நாட் ட்ரூ, சித்தப்பா." பிரணவி எழுந்து நின்றாள். பதினாறு வயது, நான்கு நாளாகச் சாப்பிடாத முகம். "ஹி வாஸ் சோபர். எய்ட்டி த்ரீ டேஸ். ஹி டோல்ட் மீ எவ்ரி நைட்."

"பையில கேன் இருந்துச்சே கண்ணு" என்றான் ஜனார்த்தன், பாவப்பட்டு. "குடிக்கறவங்க அப்படித்தான் சொல்வாங்க. உங்கப்பா உன்கிட்ட மட்டுமா பொய் சொன்னாரு?"

பிரணவி சமையலறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு. குணவதி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போதுதான் கண்ணாடி போட்ட ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வாசலிலேயே நின்று, "நான் குலசிங்கம். பழனியோட பிசியோவில பழக்கம்" என்றார். குணவதிக்கு வெட்கமாகப் போயிற்று. அவள் கட்டிய பொய்யைப் பழனிசாமி அங்கேயும் சுமந்துபோய் ஒப்படைத்திருக்கிறார், இந்த மனுஷனும் அதைக் காப்பாற்றுகிறார். நாற்காலி எடுக்க வேண்டும் என்ற சாக்கில் அவரைக் காரேஜுக்குக் கூட்டிப்போனாள்.

"தங்கச்சி, பிழையா நினையாதேங்கோ. உங்களோட கொஞ்சம் கதைக்கோணும்." குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் இந்தியாவில நிக்கேக்கயே அவர் விட்டிட்டார். ஜனவரி ரெண்டாம் திகதி. நீங்கள் வரேக்க ஒரு புது ஆளாய் நிக்கோணும் எண்டு சொல்லுவார்."

குணவதி பழைய அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். அப்படியானால் அவள் டப்பாவைத் திறப்பதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில இருந்து எனக்குப் போன் எடுத்தவர். வேலையில ஆரோ விலகிப் போகினமாம், அந்தப் பார்ட்டியில கையில ஒரு கேனைத் திணிச்சிட்டினமாம். 'குலா, ஒண்ணு குடிச்சிட்டேன், திங்கக்கிழமை வந்து எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்' எண்டார். நான் சொன்னன், ஒரு நாள் விழுந்தா என்ன, எழும்பி வா, அதுக்குத்தானே அந்த இடம் எண்டு. ஓம் எண்டார். பிறகு நெஞ்சு படபடக்குது எண்டார். போன் நிண்டிட்டுது." அவர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். "ஒரு கேன் பியருக்கு ஆள் சாகுமோ, தங்கச்சி?"

"அவருக்கு நெஞ்சுல ஏதாச்சும்..."

"ஓம், இதயம் பலவீனம். உங்களிட்டச் சொல்லேல்லையோ? நீங்கள் பயப்பிடுவியள் எண்டு விட்டிருப்பார். வீட்டு ஆக்கள் வாற நாளில நீங்கள் வந்திருந்தா டொக்டரே சொல்லியிருப்பார். குடிச்சா நெஞ்சடிச்சு வாந்தி வரப்பண்ணிற குளிசை மாத்திரை ஒண்டு இருக்கெல்லே, அதைத் தாங்கோ எண்டு பழனி தானாத்தான் கேட்டவர். டொக்டர் ஏலாது எண்டிட்டார். 'உன்ர இதயத்துக்கு அது நஞ்சு' எண்டு."

காரேஜில் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் அவருடைய வேலைச் சட்டை கிடந்தது. குணவதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவென்று அலற வேண்டும்போல் இருந்தது, ஆனால் அலறினால் கூடவே பொடி விஷயமும் வெளியே வந்துவிடும்.

"வேற மருந்து மாயம் ஏதும் வீட்டில எடுத்தவரோ?"

"இல்லைங்க" என்றாள் குணவதி. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

தகன மண்டபத்தில் பழனிசாமிக்குக் கோட்டு மாட்டியிருந்தார்கள். மண்டபத்து ஆட்கள் ஏதோ பூசி முகத்தை மாநிறமாக்கியிருந்தார்கள். சிவப்பு எங்கேயும் தெரியவில்லை. ஐயர் மந்திரத்தைச் சுருக்கினார், அடுத்த குடும்பம் வெளியே காத்திருந்தது. ஜனார்த்தன் பேச எழுந்தான். அண்ணன் தங்கமானவர், இந்தப் பாழாய்ப்போன பழக்கம் ஒன்றுதான் அவரைக் கொண்டுபோய்விட்டது என்று சொல்லி அழுதான். நிஜமாகவே அழுதான். பின்வரிசையில் குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பிரணவி அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தரை விரிப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

சொல்லிவிடலாம் என்று குணவதிக்குத் தோன்றியது. உங்கப்பா பொய் சொல்லலை கண்ணு என்ற வரைக்கும் சொல்லலாம். அதற்கு அடுத்த கேள்வியை இந்தப் பெண் கேட்பாள். அப்பாவும் போய், அம்மாவும் போய்விட்டால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று தனக்குள் ஒரு நியாயம் கட்டினாள். அது தன் பயத்துக்குப் போட்ட சட்டை என்பதும் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்கோ" என்றார் ஐயர்.

அரிசித் தட்டு முதலில் பிரணவியிடம் வந்தது. அவள் இதையெல்லாம் பார்த்ததில்லை. அள்ளப் போன கையை நிறுத்தி அம்மா பக்கம் திரும்பினாள்.

"ஹவ் மச், அம்மா?"

குணவதிக்கு உதடு பிரிந்தது.

"கொஞ்சமா போடு கண்ணு, பேருக்குத்தான்" என்றான் ஜனார்த்தன்.

பிரணவி நான்கைந்து அரிசியை அப்பாவின் வாயில் வைத்தாள். கன்னத்தில் சிந்திய ஒன்றை விரலால் ஒற்றி எடுத்தாள். பிறகு தட்டை அம்மாவிடம் நீட்டினாள். குணவதி கைநிறைய அள்ளிவிட்டு அப்படியே நின்றாள். விரலிடுக்கில் அரிசி உதிர்ந்தது. வாசலில் மண்டபத்து ஆள் கடிகாரத்தைப் பார்த்தான்.

"இட்ஸ் ஓகே, அம்மா" என்று பிரணவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடாமல், மெதுவாக, அப்பாவின் வாய்ப்பக்கம் கொண்டுபோனாள்.