குரல் வரவில்லை

கண்ட்ரோல் ரூமின் சுவர்த் திரையில் பச்சை டிக் விழுந்தபோது மணி மூன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அன்றைய காற்றுக்குக் கல்குவாரி ஃபீடர் என்கிற மின்பாதையில் ஒரு பெரிய கிளை முறிந்து கம்பியில் விழுந்து, பாதி ஊருக்குக் கரண்ட் இல்லை. கிளையை வெட்டக் குவாரிப் பக்கம் போன லைன்மேன், தன் போனில் இருக்கும் ஆப்பில் 'வேலை முடிந்தது' என்று தட்டிவிட்டான். இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டரே பிரேக்கர் சுவிட்சைப் போட்டுக் கரண்டை அனுப்பிவிடும். நான் மவுஸைப் பிடித்து 'நிறுத்திவை' என்ற பொத்தானை அழுத்தினேன்.

காரணம் கேட்டது. காரணம் கேட்பதில் மட்டும் அந்தக் கம்ப்யூட்டருக்குப் பேராசை. மழை, இயந்திரக் கோளாறு, மேலிட உத்தரவு, மற்றவை என்று நான்கைக் காட்டியது. 'மற்றவை'யைத் தொட்டு, 'குரல் வரவில்லை' என்று தட்டினேன்.

இந்தப் புது ஏற்பாட்டின் மேல் எனக்குப் பொதுவாகக் கோபம் கிடையாது. சொல்லப்போனால் பிடிக்கும். இதை வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்த்த குழுவில் நானும் இருந்தேன். முன்பெல்லாம் எங்கே கம்பி அறுந்தது என்று கண்டுபிடிக்க ஆட்கள் மழையில் கம்பம் கம்பமாக நடப்பார்கள். இப்போது சுவர் முழுக்க இருக்கும் திரை 'இங்கேதான்' என்று சிவப்பாக விரல் நீட்டுகிறது. கெட்டுப்போன பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு, மற்றவர்களுக்கு வேறு வழியில் கரண்டைத் திருப்பி விடுகிறது. முன்பு மூன்று பேர் மூன்று போனில் கத்திக்கொண்டு செய்த வேலை. ஒரே ஒரு விஷயத்தில்தான் அதற்கும் எனக்கும் ஒத்துவரவில்லை.

கம்பத்தில் ஏறுகிறவன் என்னிடம் லைன் கிளியர் வாங்கிக்கொண்டுதான் ஏறுவான். நான் கரண்டை நிறுத்தி, நீ சொல்லாமல் மறுபடி போட மாட்டேன் என்று கொடுக்கும் வாக்கு அது. வேலை முடிந்ததும் வாங்கினவனே என்னைக் கூப்பிட்டு, தன் வாயால் சொல்ல வேண்டும்: "நான் கீழ இருக்கேன். என் ஆளுங்க எல்லாரும் கீழ இருக்காங்க. கம்பி இனி உங்களோடது." அவனுக்குப் பதில் வேறு யார் சொன்னாலும் செல்லாது, அவனுடைய அதிகாரி சொன்னாலும் செல்லாது. குரலில் சந்தேகம் இருந்தால் இன்னொரு தரம் சொல்லச் சொல்வேன். தொண்டை கட்டியிருந்த ஒருவனிடம் அவன் மாமியார் ஊர் வரைக்கும் விசாரித்திருக்கிறேன்.

புது ஏற்பாட்டில் போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தட்டு தட்டினால் போதுமாம். அதோடு நிற்காமல், எந்த ஆள் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறான் என்று வரிசைப்படுத்தி, கடைசியில் வருகிறவனின் பெயரைச் சிவப்பில் காட்டியது. கம்பத்து உச்சியிலும் காட்டிலும் மேட்டிலும் சிக்னல் கிடைக்காது. நம் ஆட்களுக்கு இதெல்லாம் சொல்லித்தரவா வேண்டும்? சிக்னல் இருக்கும் இடத்திலேயே 'முடிந்தது' என்று தட்டிவிட்டு, பிறகு போய்க் கம்பத்தில் ஏற ஆரம்பித்தார்கள். கேன்டீனில் ஒருவன் இதைப் பெரிய கெட்டிக்காரத்தனமாகச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்டேன். "அது ஆளுங்களோட ஒழுங்குப் பிரச்சனை மேடம், சிஸ்டம் பிரச்சனை இல்ல" என்று முடித்துவிட்டார்கள். யாராவது செத்தாலும் ஒழுங்கில்லாமல் செத்தான் என்றுதான் எழுதுவார்கள் போலிருக்கிறது.

அன்றைக்கென்று கண்ட்ரோல் ரூமுக்கு விருந்தாளிகள் வேறு வந்திருந்தார்கள். வேறொரு மின் நிறுவனத்தின் அதிகாரிகள், எங்கள் சுவரைப் பார்த்துவிட்டு இதே போல் வாங்கலாமா என்று முடிவு செய்ய வந்தவர்கள். எங்கள் மேலதிகாரிதான் சுற்றிக் காட்டினார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நிமிஷக்காரர். கரண்ட் போன நிமிடங்களைக் கூட்டி வகுத்துச் சராசரி சொல்வதுதான் அவருக்கு மூச்சு. சாப்பிட்டீர்களா என்று கேட்டால்கூட எவ்வளவு நேரத்தில் சாப்பிட்டார் என்றுதான் பதில் வரும். நிஜமாகவே ஒரு கோளாறு வந்து, நிஜமாகவே தானாகச் சரியாவதை விருந்தாளிகளுக்குக் காட்ட வாய்த்ததில் மனிதர் பூரித்துப்போய் நின்றார். அப்போதுதான், நான் பொத்தானை அழுத்தியதில், திரையில் இறங்கிக்கொண்டிருந்த ஐந்து நிமிட எண்ணிக்கை நின்று, கல்குவாரிக் கட்டம் மஞ்சளானது.

"என்னாச்சு மேடம்?"

"நிறுத்தி வெச்சிருக்கேன் சார். ஒட்டடை இன்னும் கூப்பிடல."

ஒட்டடை என்பது அந்த லைன்மேன். ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். டிக் விழுந்ததுமே அவன் போனுக்கு அடித்துப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. குவாரிப் பக்கம் எப்போதுமே கிடைக்காது. பக்கத்துப் பிரிவிலிருந்து ஒரு ஜீப்பை அனுப்பச் சொல்லியிருந்தேன்.

நிமிஷக்காரர் விருந்தாளிகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, என் காதருகே குனிந்தார். "டிக் வந்திருச்சுல்ல? ஸ்க்ரீன்ல பச்சையா இருக்கு."

"ஸ்க்ரீன் கம்பத்துல ஏறலையே சார்."

ஒரு விருந்தாளி இருமினார்.

என் செல்போன் அதிர்ந்தது. மகள். எங்கள் வீடும் கல்குவாரி ஃபீடரில்தான் இருக்கிறது. மூன்று மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. இரண்டு சுற்று தேறி, இதுதான் கடைசி. காலையிலிருந்து நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லேப்டாப் சார்ஜ் போயிட்டே இருக்கு. வைஃபை இல்ல. போன்ல நெட் சுத்திக்கிட்டே நிக்குது. எப்ப வரும்?"

"தெரியல கண்ணு."

"தெரியலன்னா? நீதானே அங்க உக்காந்திருக்க?"

"மேல ஆள் இருக்கானா இல்லையான்னு தெரியல. தெரிஞ்சதும் போட்டுருவேன்."

"அம்மா, எனக்கு இது கடைசிச் சுற்று." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "ஒரு பட்டன்தானே?"

ஒரு பட்டன்தான். விரலுக்குக் கீழே இருந்தது. சொல்வதற்கு வெட்கம் இல்லை. அந்த நிமிடத்தில் ஒட்டடையையும் அவன் போனையும் அந்தக் குவாரியையும் வாய்க்கு வந்தபடி மனதுக்குள் திட்டினேன். என் பெண்ணின் இரண்டு வருஷ உழைப்பு ஒரு பக்கம், கம்பியில் இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாத ஒரு ஆள் மறுபக்கம். பெரும்பாலும் கீழேதான் இருப்பான் என்று எனக்கும் தெரியும். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "அப்புறம் பேசறேன்" என்று வைத்தேன்.

நிமிஷக்காரர் இப்போது குரலை அடக்கவில்லை. "நிறுத்தத்தை எடுங்க மேடம். இது ஆர்டர்."

"உங்க லாகின்லயும் எடுக்கலாம் சார். உங்க பாஸ்வேர்டைப் போட்டு, உங்க பேர்ல எடுங்க. நான் எந்திரிச்சுக்கறேன்."

எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பி விட்டேன். அவர் உட்கார்ந்தார். பெயரைத் தட்டினார். பாஸ்வேர்டையும் போட்டார். 'நிறுத்தத்தை நீக்கவா?' என்று கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, ஏதோ போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனார். விருந்தாளிகளுக்கு யாரோ காபி கொண்டுவந்தார்கள்.

ஒரு மணி நேரத்துக்கும் மேலாகிவிட்டது. ஒட்டடை கூப்பிட்டபோது அறையில் எல்லோரும் இருந்தார்கள், நிமிஷக்காரர் உட்பட. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், ஜீப்காரர் வந்து சொன்னாரு, நீங்க தேடறீங்கன்னு. நாங்க எப்பவோ முடிச்சிட்டோம் மேடம். வேன் சேத்துல மாட்டிக்கிச்சு, இப்பத்தான் தள்ளி ரோட்டு டீக்கடைக்கு வந்தோம்."

"எங்க இருந்துடா டிக் போட்ட?"

"வேலைய முடிச்சு எல்லாரும் இறங்கினப்புறம், மேட்டு வரைக்கும் நடந்து போயி, சிக்னல் புடிச்சு, அங்க நின்னுதான் போட்டேன். சத்தியமா. போன் பண்ண வேணாம்னு நீங்கதானே சொன்னீங்க... உங்க ஆளுங்க."

அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் குரலை எனக்குத் தெரியும். கருமம், ஊரிலேயே ஒழுங்காக டிக் போட்ட ஒரே ஆளைப் பார்த்தா நான் நிறுத்தி வைத்தேன்? நிமிஷக்காரர் முகத்தில் தீபம் ஏற்றியது போல் ஒரு வெளிச்சம் வந்தது. "கேட்டீங்களா?" என்று விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். "சிஸ்டம் கரெக்டாதான் இருந்திருக்கு." என் மூக்கு உடைபட்டதை அறையே வேடிக்கை பார்த்தது.

"சரி, சொல்லு" என்றேன் போனில்.

"எதை மேடம்?"

"எப்பவும் சொல்றதை."

"அதான் சொல்லிட்டேனே, எல்லாரும் இங்க டீ குடிச்சிக்கிட்டு..."

"ஒட்டடை, சொல்லு."

பின்னால் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். "நான் கீழ இருக்கேன்" என்றான். "என் ஆளுங்க எல்லாரும் கீழ இருக்காங்க. கம்பி இனி உங்களோடது."

அதற்குப் பிறகுதான் போட்டேன்.

வீட்டுக்குப் போனபோது மகள் சட்டையை மாற்றியிருந்தாள். நாற்காலி பழைய இடத்துக்கு வந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்களாம். வேறு நாள் தர மாட்டார்களாம்.

"மேல ஆள் இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. கீழதான் இருந்தாங்க."

என்னையே பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாமே என்று நினைத்தாளோ என்னவோ. "அப்ப எதுக்கும்மா?"

"எனக்கு அப்ப தெரியாது."

"அடுத்த தடவை?"

"அடுத்த தடவையும் இதேதான் பண்ணுவேன்."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தோழி வீட்டில் உட்கார்ந்து படிக்கப் போவதாகச் சொன்னாள். "உன் ஃபீடர் இல்லாத ஏரியாவாப் பார்த்து வெச்சிருக்கேன்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சாப்பாட்டை டப்பாவில் போட்டுக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள்.

ஆபீஸில் விளக்கம் கேட்டார்கள். இனிமேல் திரையைப் பார்த்து நடந்துகொள்கிறேன் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவதாக நிமிஷக்காரர் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு ஓய்வு பெற இன்னும் நிறைய வருஷம் இருக்கிறது என்பதையும் நினைவுபடுத்தினார். குரல் வராவிட்டால் மறுபடியும் நிறுத்துவேன் என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்களுக்கு என்னதான் பிடிவாதம்?" என்றார். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடி துடைத்த மனிதருக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அடுத்த வாரம் என் லாகினில் 'நிறுத்திவை' பொத்தான் இல்லை. இருந்த இடம் வழித்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். மதியம் ஆற்றுப்பாலம் ஃபீடரில் ஆட்கள் ஏறியிருந்தார்கள், வேறொரு கோஷ்டி. பச்சை டிக் விழுந்தது. எண்ணிக்கை ஐந்திலிருந்து இறங்க ஆரம்பித்தது. கோஷ்டித் தலைவனின் போன் எடுக்கப்படவில்லை. நிமிஷக்காரர் கதவருகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். என்ன செய்வேன் என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

சப்ஸ்டேஷனில் ஒவ்வொரு பிரேக்கர் பெட்டியிலும் ஒரு சின்னச் சாவி உண்டு. ஒரு பக்கம் திருப்பி வைத்தால் பிரேக்கர் கண்ட்ரோல் ரூமின் பேச்சைக் கேட்கும். மறுபக்கம் திருப்பிவிட்டால் அங்கே நிற்கிற ஆளின் கைக்குத்தான் அடங்கும், எந்தக் கம்ப்யூட்டரும் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே டியூட்டியில் இருந்தது கடுகு. எதைக் கேட்டாலும் பொரிகிற ஆள், எனக்கும் அவருக்கும் எப்போதும் ஆகாது. கூப்பிட்டேன்.

"ஆத்துப்பாலம் ஃபீடர் சாவியத் திருப்புங்க."

"யாரு ஆர்டர்?"

"என்னோடது."

"எழுத்துல வருமா?"

"வராது. ஆள் மேல இருக்கானான்னு தெரியல. குரல் வரல."

அவர் எரிந்து விழுவார் என்று காத்திருந்தேன். காலடிச் சத்தம் கேட்டது. ஒரு இரும்புக் கதவு கிறீச்சிட்டது. சாவி திரும்பியதும் சுவரில் ஆற்றுப்பாலம் கட்டம் சாம்பல் நிறமானது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொட்டு, அங்கேயே நின்று மினுக்கியது. கட்டளை ஏற்கப்படவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னது.

"என்ன பண்ணீங்க?" நிமிஷக்காரர் என் மேஜைக்கு ஓடிவந்தார். "என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையின் நடுவில் வைத்தேன். "திருப்பியாச்சு" என்றது கடுகின் குரல். "பக்கத்துலயேதான் நிக்கறேன். எவன் வந்து கேக்கறான்னு பார்ப்போம்." வைத்துவிட்டார்.

நிமிஷக்காரர் அதற்குள் வேறு யாருக்கோ போன் அடித்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஆற்றுப்பாலத்துக்குக் கீழே, அதே சப்ஸ்டேஷனின் இன்னொரு கட்டம் இருந்தது. அந்த ஃபீடரிலும் ஆட்கள் ஏறியிருந்தார்கள். அதைப் பற்றி நான் கடுகிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் சாம்பலானது.