வேலிக்கு வெளியே

1

நாற்பத்தோரு மணி நேரம். ஒரு பெண் ஒரு குழிக்குள் எதையோ பார்த்ததற்கும், அந்தக் குழியை ஜல்லி போட்டு மூடியதற்கும் நடுவில் அவ்வளவு நேரம் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது நான் வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தின் படிக்கட்டில். அவள் ஒரு பை மண் கொடுத்திருந்தாள். சோதித்து முடிவைச் சொன்னேன். (முடிவு என்ன என்பதைக் கடைசியில் அவளே சொல்வாள்.) வெளியே போனவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே எல்லாவற்றையும் சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இந்த மேட்டில் ஒரு குயவன் தன் சக்கரத்தைச் சுழற்றியபோது' — அடித்துவிட்டேன். அந்தக் குயவனை எனக்குத் தெரியாது.

அடுத்து: 'புழுதி பறந்துகொண்டிருந்தது.' அதுவும் பொய். குழியைப் பார்த்த அன்று தரை ஈரமாக இருந்தது என்று அவள் சொன்னாள்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். ஒரு நெடுஞ்சாலை வருகிறது. அது போகும் வழியில் ஒரு வயல், வயல் முழுக்கப் பழங்காலப் பானை ஓடுகள். அங்கே ஒரு பழைய ஊர் புதைந்திருக்கிறது என்று அவள், தொல்லியல் ஆய்வாளர், சொன்னாள். சாலையை விலக்கிப் போடச் சொல்லி நான்கு வருடம் போராடினாள். அலுவலகங்களின் நாற்காலிகளில் காத்திருந்தாள், வெயிலில் பதாகை பிடித்தாள். கடைசியில் ஜெயித்தாள். வயலைச் சுற்றி வேலி போட்டார்கள். சாலை பக்கத்து மேட்டுக்கு நகர்ந்தது.

மேட்டில் ஒரு வீடு இருந்தது.

[இந்த இடத்தில் ஒரு குறிப்பு. பழைய ஊரின் எல்லையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கயிறு கட்டி, கட்டம் கட்டமாக நடந்து, தரையில் கிடக்கும் ஓடுகளை எண்ணி வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள். புள்ளிகள் நெருங்கிய இடம்தான் ஊர். அந்த வீட்டுக்கு சிமெண்டுத் தரை, சிமெண்டு முற்றம். எண்ண ஒன்றும் இல்லை. அதனால் அந்தக் கட்டங்களை வெறுமையாக விட்டார்கள். அதுதான் வழக்கம். பார்க்க முடியவில்லை என்றாலும் வெள்ளைதான், ஒன்றுமே இல்லை என்றாலும் வெள்ளைதான். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.]

3

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு தையல்காரி. கையிலும் ஊசி, வாயிலும் ஊசி என்று ஊரார் வைத்த பெயர் ஊசியக்கா. ஆய்வாளருக்கு அவர் வைத்த பெயர் சில்லு. ஓட்டாஞ்சில்லு பொறுக்க வந்தவள் என்பதால். எனக்கும் அதுவே வசதி.

என் முதல் பிரதியில் ஊசியக்கா புன்னகையோடு வீட்டைக் கொடுத்தார். படித்துப் பார்த்தபோது எனக்கே கூசியது. நிஜத்தில், சாலைக்கு வீட்டை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டு வந்த சில்லுவை அவர் மூன்று மாதம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார்.

"என்னைக்கோ செத்தவன் பானைக்காக உசுரோட இருக்கிறவ அடுப்ப இடிப்பியா நீ?"

"ஒரு தடவ அழிஞ்சா அது திரும்ப வராது அக்கா."

"என் வீடு மட்டும் நடந்து வந்துருமாக்கும்."

சில்லு மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். ஒரு சாயங்காலம் ஊசியக்கா பல்லால் நூலைக் கடித்துத் துப்பிவிட்டு, "உள்ள வந்து தொலை" என்றார். "நாலு வருஷமா நாயா அலையுற. ரோட்டுக்காரன் மூஞ்சிக்குத் தரமாட்டேன், உன் மூஞ்சிக்குத் தரேன். ஆனா ஒண்ணு. அந்த வயல்ல என்ன கிடைச்சாலும் மொதல்ல என்கிட்டதான் வந்து சொல்லணும்."

"சத்தியமா அக்கா."

4

வீட்டை இடித்தார்கள். இரண்டு வாரம் கழித்து, மழைநீர்க் குழாய் பதிக்க அந்த இடத்தில் ஆழமாகத் தோண்டினார்கள். சில்லு அந்தப் பக்கம் வந்தது வேலியைப் பார்க்கத்தான். போகிற போக்கில் குழியை எட்டிப் பார்த்தாள்.

அவள் பார்த்ததை இங்கே மூன்று வரியில் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஊசியக்காவுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்வது சரியில்லை.

மேற்பார்வைப் பொறியாளர் வந்தார். ஜல்லி சார் என்பார்கள். நல்ல மனிதர், தமாஷ்காரர்.

"என்ன மேடம், புதையலா? எனக்கும் பாதி உண்டுல்ல?"

அவள் நிமிர்ந்தாள்.

"நீங்க சொன்ன எடத்த விட்டுட்டுத்தானே மேடம் போறேன்? இன்னும் நகத்தச் சொன்னா ரோட்ட வானத்துலதான் போடணும்."

"ஒண்ணுமில்ல சார்."

"நாளன்னிக்குக் காலைல ஏழு மணிக்கெல்லாம் ஜல்லி கொட்டிருவோம். அப்புறம் நீங்க நிம்மதியாத் தூங்கலாம்."

அப்போது பிற்பகல் இரண்டு.

அவளிடம் கைப்பேசி இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேலை நின்றிருக்கும். ஏன் சொல்லவில்லை? இதற்குப் பெரிய காரணங்கள் நிறைய யோசித்தேன். அவள் சொன்ன காரணம் சின்னது: வெட்கம். போராட்டத்தில் கூட நின்றவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம். அதற்கும் மேலே, ஊசியக்கா. விடிந்ததும் சொல்லலாம் என்று நினைத்தாளாம். விடிந்தது. மதியம் சொல்லலாம் என்று

(இந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை.)

5

பல மாதம் கழித்து, தான் பார்த்தது தவறாக இருக்கவேண்டும் என்ற ஆசையில், வேலிக்குள் இருந்து ஒரு பை மண் எடுத்து எங்களிடம் வந்தாள். மண் அவளுக்கு உதவவில்லை.

முடிவுக்கு வருகிறேன். ஒரு முடிவில் சில்லு ஜல்லி லாரிக்கு முன்னால் போய் நிற்கிறாள். எழுதும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. நடக்காததைத்தான் இவ்வளவு நன்றாக எழுத வருகிறது. இன்னொன்றில் யாரிடமும் சொல்லாமல் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போகிறாள். படிக்கட்டில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது அப்படித்தான் ஆகும் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் அங்கிருந்து நேராக ஊசியக்காவிடம் போனாள். அதையும் பிறகு ஒருநாள் வந்து அவளே சொன்னாள்.

6

ஊசியக்கா இப்போது இருப்பது சாலையைப் பார்த்த மாடி அறையில், வாடகைக்கு. கனரக லாரி போகும்போது தையல் இயந்திரம் அதிரும். ஊசியக்கா மிதியிலிருந்து காலை எடுத்து, அதிர்வு அடங்கக் காத்திருந்து, மறுபடி மிதிப்பார். துணி கொடுக்க வருகிறவர்களுக்கு ஜன்னல் வழியே வேலியைக் காட்டுவாராம்: "அந்தா, கம்பி வேலி தெரியுதா? அது என் வீட்டக் குடுத்து வாங்கினது."

"வாடி சில்லு. என்ன இப்படி எலும்பாயிட்ட?"

"நல்லா இருக்கீங்களா அக்கா?"

"எனக்கென்ன. அந்த வயல்ல எதுவும் கிடைச்சுதா? மொதல்ல என்கிட்ட சொல்றேன்னு சத்தியம் பண்ணியே."

"அதான் வந்தேன்."

"தங்கமா?"

"அக்கா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துதாண்டி இருக்கேன். சொல்லு."

ஒரு லாரி வந்தது. இயந்திரம் அதிர்ந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

ஊசியக்கா பதிலுக்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். அவர் திட்டினார் என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும், மன்னித்தார் என்றால் இன்னும் நிம்மதி. அவர் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். லாரி போய்விட்டது. சில்லு சொன்னாள்:

"வேலி போட்ட வயல்ல ஒண்ணுமே இல்ல அக்கா. மண்ணச் சோதிச்சுப் பாத்தாச்சு, ஆளு குடியிருந்த மண்ணே இல்ல. மேட்டுல இருந்து மழையில உருண்டு வந்த ஓடுதான் அங்க கிடந்துச்சு. ஊரு இருந்தது உங்க வீட்டுக்கு அடியில. சுவரு, தரை எல்லாம் அப்படியே இருந்துச்சு. உங்க அடுப்படிக்கு நேர் கீழ அவங்க அடுப்பு. நான் பாத்தேன் அக்கா. ரோடு போடுறதுக்கு முன்னாடியே பாத்தேன்."