வெடி போடாத ஊர்

ஜெயசுதா பிறந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். ஏரிக்கரையில் மூன்று இலுப்பை மரங்கள், மூன்றிலும் கிளை தெரியாமல் பழந்தின்னி வௌவால்கள். அவை அரண்டு போய்விட்டால் ஊருக்கு ஆகாது என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்தது. சாவுக்கு வரும் வெளியூர்ச் சொந்தங்கள் சரவெடியோடு வந்தால்கூட எல்லையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் போகும்போதுதான் கொடுப்பார்கள்.

செஞ்சியில் இருந்த சித்தி பிள்ளைகளுக்கு இது பெரிய கேலி. "வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனா நீயும் தொங்கு நானும் தொங்குதான்" என்பார்கள். மத்தாப்புக்கு அழும் ஜெயசுதாவை அப்பா அரிகிருஷ்ணன் ஏரிக்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவார். பொழுது சாயும்போது வௌவால்கள் கிளம்பும். இரண்டு பேரும் எண்ணுவார்கள். நூறைத் தாண்டினால் இரண்டு பேருக்கும் கணக்குத் தப்பிவிடும். அந்தப் பழக்கம்தான் அவளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோய், முப்பத்திரண்டு வயதில் வௌவால் ஆராய்ச்சிக்காரியாகத் திரும்ப அனுப்பியது.

வேலை, ஊரை ஒட்டிய காப்புக்காட்டில். காடு என்றால் மரம் அடர்ந்த காடில்லை. பாறையும் புல்லும், இடையிடையே முள்மரமும். அதில் என்னென்ன வௌவால் இருக்கிறதென்று கணக்கெடுக்க வேண்டும். வனக்காவலர் செபாஸ்தியான் துணைக்கு வருவார். மாலையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையைக் கட்டி, விழுந்ததைத் துணிப்பையில் போட்டு எடை பார்த்து, இறக்கை எலும்பை அளந்து, விட்டுவிடுவார்கள். எட்டு மாதத்தில் பதினொரு வகை கிடைத்தன. ஒரு பிஸ்கட் எடைகூட இல்லாத ஒன்றைக் கையில் வாங்கிய செபாஸ்தியான், "ஆண்டவர் இதுக்குப்போய் இவ்ளோ மெனக்கெட்டிருக்காரே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

கடைசி இடம் ஏரிக்கரை இலுப்பை. காட்டில் இரை தேடும் பெரிய வௌவால்களுக்கு அதுதான் வீடு. அவற்றின் எச்சிலைப் பஞ்சில் எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அதற்கு முகக்கவசம், இரட்டைக் கையுறை, கழுத்திலிருந்து கால்வரை வெள்ளை அங்கி போட வேண்டும் என்பது இன்னொரு விதி. ஜெயசுதா விதி மீறாதவள். செபாஸ்தியானுக்கும் ஒன்றை மாட்டிவிட்டாள்.

ஊரே கரையில் கூடிவிட்டது. கொரோனாவில் செத்தவர்களைக் குழியில் இறக்க வந்தவர்கள் போட்டிருந்த அதே உடுப்பு. அதற்குப் பின் அதை அந்த ஊர் கண்டதில்லை. ஒரு வயதுப் பையனை இடுப்பில் வைத்திருந்த பக்கத்து வீட்டு வெண்மதி, முந்தானையால் அவன் மூக்கை மூடினாள்.

எல்லாருக்கும் முன்னால் வைத்து அரிகிருஷ்ணன்தான் கேட்டார். "சுதா, இதுங்களால நமக்கு எதுனா நோவு வருமாம்மா?"

"இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாது நைனா. ரிசல்ட் வரட்டும்."

படித்த வாய் அப்படித்தான் பேசும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாதல்லவா! ஆனால் நுணலும் தன் வாயால் கெடும் என்றது தவளைக்கு மட்டும் சொன்னதில்லை.

திரும்பும்போது செபாஸ்தியான் வண்டியை மெதுவாக ஓட்டினார். "ஒண்ணும் வராதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மேடம்."

"தெரியாதத எப்படிண்ணே சொல்றது?"

"தெரியாமதான மேடம் எல்லாரும் ஆறுதல் சொல்றோம்."

அவள் மறுநாள் சாம்பிளோடு சென்னைக்குப் போய்விட்டாள். வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு இங்கே அவல் கிடைத்துவிட்டது. 'அவங்கப்பன் கேட்டதுக்கே அந்தப் பொண்ணு இல்லன்னு சொல்லலையே' என்பதுதான் பேச்சு. பத்தாம் நாள் வெண்மதியின் பையனுக்குக் காய்ச்சல் வந்து, விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அந்த வாரத்தில் அரிகிருஷ்ணன் மூன்று முறை போன் செய்தார். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் வேலையில் இருக்கிறாளே, எதற்கு டென்ஷன் என்று நினைத்தார். "ரிசல்ட் வந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். மூன்று முறையும் அவள் "இன்னும் இல்ல நைனா" என்றாள். ஒரு முறையாவது ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தீபாவளியன்று காலை பஸ்ஸைவிட்டு இறங்கியபோது சத்தம் கேட்டது. பக்கத்து ஊரில் போடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். ஏரிக்கரை வளைவில் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. நல்ல வெயிலில், வானம் முழுக்க வௌவால். எங்கே போவதென்று தெரியாமல் ஏரிக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தன. காக்கைகள் துரத்தித் துரத்திக் கொத்தின. கீழே புகைக்கு நடுவில், செஞ்சி கடைத்தெருவில் வாங்கிவந்த பத்தாயிரம் வாலாவை இலுப்பையின் அடியில் விரித்துவிட்டு, ஊதுவத்தியோடு குனிந்திருந்தவர் அவளுடைய அப்பா. ஊர்ப் பெரியவர் அவர்தான். வௌவால்களை விரட்டச் சொன்ன மற்றவர்கள், தாங்கள் கைவைக்கப் பயந்தார்கள்.

"நைனா! வேணாம்!"

வெடிச் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. முடிந்த பிறகுதான் திரும்பினார். முகம் முழுக்கக் கரி, கண்ணில் தண்ணீர். புகையால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"புள்ள ஆஸ்பத்திரில கெடக்குது சுதா. நான் இன்னா பண்ணட்டும்? மூணு தபா கேட்டனே, ஒருதபா நோவு வராதுன்னு சொன்னியா?"

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது? இலுப்பை வேரருகில் இறக்கை கிழிந்த ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது. கையுறை இல்லாமலே துப்பட்டாவில் அள்ளி எடுத்தாள். மத்தியானத்துக்குள் அது செத்துப்போனது. அன்று அவள் வாய்விட்டு அழுதாள், வீட்டில் யாரும் தீபாவளிப் பண்டத்தைத் தொடவில்லை.

எட்டு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. தேடிய கிருமி எதுவும் எந்த வௌவாலிலும் இல்லை. வெண்மதியின் பையனுக்கு வந்தது கொசுவால் வந்த டெங்கு. பிழைத்து வந்து தெருவில் தத்தித் தத்தி நடந்தான். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது, இலுப்பை மரங்களைத் தவிர.

ஆய்வு முறைப்படி கடைசியாக ஒருமுறை எண்ண வேண்டும். ஜெயசுதா ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் அப்பாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். போன மாதம் ஆயிரத்து முந்நூற்று நாற்பது. பொழுது சாய்ந்தது. இரண்டு பேரும் மரத்தையே பார்த்தார்கள். இருட்டும் வரை ஒன்றும் கிளம்பவில்லை.

அவள் டார்ச் வெளிச்சத்தில் படிவத்தை எடுத்து சைபர் போட்டாள். அடுத்த கட்டத்தில், வௌவால்கள் இடத்தைக் கைவிட்டதற்கான காரணம். வேட்டை, மரம் வெட்டு, குவாரி என்று அச்சடித்திருந்தது. அவற்றை விட்டுவிட்டு, 'பிற' என்ற இடத்தில் எழுதினாள்.

"இன்னாம்மா எழுதுன?"

"என் பேரு நைனா."

அரிகிருஷ்ணன் வெறும் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொளுத்துனவன் நானு. எம் பேரயும் எழுதும்மா" என்றார்.

அந்தக் கட்டத்தில் ஒரு பேருக்குத்தான் இடம் இருந்தது. அவள் நுணுக்கி, கோட்டுக்கு வெளியே எழுதினாள்.