நாற்காலிக்காரி

தொட்டியின் மருந்துத் தண்ணீருக்குள் செடிச் சட்டியை அமுக்கியதும் குமிழிகள் குபுகுபுவென்று கிளம்பின. அவை அடங்கும்வரை கையை எடுக்கக் கூடாது. செடியின் வேர்மண்ணுக்குள் பதுங்கியிருக்கும் கடி எறும்பு கடைசிக் குமிழிவரை உயிரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பெரியவள் கையை முழங்கைவரை பால் நிறத் தண்ணீரில் விட்டிருந்தாள். கண் மட்டும் எதிர்ப்பக்கம் இருந்தது. அங்கே தகரக் கூரைக்குக் கீழே, நாற்காலியில், அவளுடைய ஓரகத்தி, சின்னவள், உட்கார்ந்திருந்தாள்.

நாற்காலி என்றால் சிம்மாசனம் ஒன்றுமில்லை. ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. ஆனாலும் அந்த நர்சரியில் பெண்கள் உட்கார இருந்தது அது ஒன்றுதான். மருந்தில் முக்கியெடுத்த செடிகளுக்கு, பூச்சி இல்லை என்று அச்சடித்த மஞ்சள் சீட்டைக் கட்டுகிற வேலை. சீட்டு இல்லாத செடி வெளியூர் லாரியில் ஏறாது. முன்பு சீட்டுக் கட்டியவள் மகள் வீட்டோடு போய்விட்டாள். அடுத்து நாம்தான் என்று பெரியவள் மனத்துக்குள் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரியோ சின்னவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கொழுந்தன் பெண்டாட்டி வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று, பெரியவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்துவிட்டவள்.

நாற்காலி ஏறியதிலிருந்து சின்னவள் தும்முவதுகூட மாறிவிட்டதாகப் பெரியவளுக்குத் தோன்றியது. தண்ணீர் பாட்டிலுக்குக் கம்பளி நூலில் உறை பின்னிப் போட்டிருந்தாள். சாப்பிடும் முன் கையை முகர்ந்து பார்ப்பதில்லை. கண்ணாடி வளையல் வேறு. ஒவ்வொரு முடிச்சுக்கும் கிலுங் என்றது. "எங்க சின்னவளுக்கு ஆபீஸ் வேலை மாதிரிதான்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் சொன்ன அன்று, பெரியவள் குழம்பில் உப்புப் போட மறந்தாள். மறந்துவிட்டதாகத்தான் எல்லோரிடமும் சொன்னாள்.

"என்னக்கா, இன்னைக்குச் சட்டி மெதுவா வருது?" என்று சின்னவள் குரல் கொடுத்தாள்.

"உக்காந்து பாக்குறவங்களுக்கு மெதுவாத்தான் தெரியும்."

"அதுக்கில்லக்கா. லாரி மத்தியானமே வந்துடும்னு மேஸ்திரி சொன்னாரு."

"உன்கிட்ட சொல்லிட்டாரா? நல்லது. எங்கிட்ட சட்டிதான் பேசும்."

"சட்டி என்னக்கா பேசும்?"

"குபுகுபுன்னு பேசும். இங்க வந்து கையை விட்டுப் பாரு, கேக்கும்."

சின்னவள் சிரித்தாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். அதுவும் பெரியவளுக்குப் பிடிக்காது.

முக்கியெடுத்த சட்டிகள் இரும்பு மேடையில் வடிந்துகொண்டிருந்தன. தரையிலிருந்து எறும்பு ஏறிவிடக் கூடாதென்று மேடையின் கால்களை எண்ணெய்க் கிண்ணங்களுக்குள் நிறுத்தியிருந்தார்கள். மேடையில் எதையும் சாய்த்து வைக்கக் கூடாது. விளக்குமாறோ குச்சியோ, எறும்புக்கு அது ஏணி. மருந்து வேர்மண்ணோடு சரி. புதிதாக ஏறி விளிம்பிலும் தண்டிலும் ஊருகிற எறும்பை அது ஒன்றும் செய்யாது. சீட்டுக் கட்டும் முன் இதையெல்லாம் பார்ப்பதும் நாற்காலிக்காரியின் வேலை.

மேஸ்திரி வெயிலுக்குக் குடை பிடித்தபடி வந்தார். குடையை மடக்கினார். முனை மண்ணில், கைப்பிடி மேடை விளிம்பில் என்று சாய்த்து வைத்துவிட்டு, கட்டிய சீட்டு ஒன்றை இழுத்துப் பார்த்தார்.

"முடிச்சுன்னா இதும்மா முடிச்சு. லாரியே கவுந்தாலும் சீட்டு கழறாது."

"போங்க மேஸ்திரி" என்று சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த முடிச்சைப் போட்டாள்.

மேஸ்திரிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனார். குடை அங்கேயே நின்றது. அதன் கறுப்புத் துணிமேல் செந்நிற நூல் ஒன்று மேலே நகர்வதைப் பெரியவள் பார்த்தாள். சொல்ல வாயைத் திறந்தாள். கிலுங் என்றது. வாய் மூடிக்கொண்டது. 'உக்கார வெச்சிருக்காங்கல்ல, பாக்கட்டும்' என்று அடுத்த சட்டியை எடுத்தாள். மேஸ்திரி திரும்பி வந்து குடையை உதறி எடுத்துக்கொண்டு போகும்வரை அவள் தலை நிமிரவில்லை.

லாரியோடு சோதனைக்காரரும் வந்தார். எறும்பை வெளியே இழுக்க, பிஸ்கட்டை எண்ணெயில் தொட்டு நொறுக்கி, சில சட்டி விளிம்புகளில் தூவிவிட்டு, நிழலில் நின்று தேநீர் குடித்தார். குடித்து முடிப்பதற்குள் ஒரு சட்டியின் விளிம்பு சிவந்துவிட்டது. பிறகு அதன் பக்கத்துச் சட்டி.

"மொத்தத்தையும் மறுபடி முக்குங்க. நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்" என்றார்.

மேஸ்திரி சின்னவள்மேல் பாய்ந்தார். "கண்ணை எங்கம்மா வெச்சிருந்த? சீட்டுக் கட்டுன கையால லாரியை நிறுத்திட்டியே!"

"பாத்துத்தான் மேஸ்திரி கட்டினேன்..."

"பாத்த லட்சணம்தான் ஊருதே. எழுந்திரு. தொட்டிக்குப் போ."

பெரியவளுக்கு வயிற்றில் மோர் வார்த்ததுபோல் இருந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கூரைப் பக்கம் நடந்தாள். "அப்ப நான் உக்காரட்டுமா மேஸ்திரி? எனக்கு எல்லாம் தெரியும்."

மேஸ்திரி அவள் கைகளைப் பார்த்தார். நகங்கள் மஞ்சளாகிக் கிடந்தன. விரலிடுக்கில் தோல் உரிந்து, சதை தெரிந்தது.

"நீயா? செடி வாங்க வர்றவங்க முதல்ல பாக்குற இடம் இது. இந்தக் கையைப் பாத்தா ஒருத்தன் செடியைத் தொடுவானா? அன்னைக்கு உன்னை உக்கார வெக்காததே அதனாலதானே."

பெரியவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மேஸ்திரியின் மச்சான் பைக்கில் வந்து இறங்கினான். நாற்காலியில் சாய்ந்து பார்த்து, "இதுல ஒரு கை இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டான். அவன் போட்ட முதல் முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. மேஸ்திரி அதை எடுத்து அவன் மடியில் வைத்தார். "பரவாயில்ல, பழகிடும்" என்றார்.

எறும்பு சாகவில்லையென்றால் மருந்து போதவில்லை. மேஸ்திரியின் கணக்கு அவ்வளவுதான். இன்னொரு டப்பா மருந்தைக் கவிழ்த்தார். தண்ணீர் கெட்டியாக வெளுத்தது. கையுறைக்குச் சொல்லியிருப்பதாகவும் வந்துவிடும் என்றும் சொன்னார். எப்போதும் சொல்வதுதான். சின்னவள் வளையல்களைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கையை விட்டாள்.

"அக்கா, எரியுதே."

"கொஞ்ச நாள் எரியும். அப்புறம் தெரியாது."

இரண்டு சட்டிகள் குமிழி விட்டன. சின்னவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "குடை சாஞ்சிருந்துச்சு. அவரு எடுக்கும்போதுதான் பாத்தேன்."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"அவரு குடையை அவருகிட்டயா? நல்லா இருக்கே." அடுத்த சட்டியை எடுத்தாள். "நான் குனிஞ்சிருந்தேன். நீங்க நேராத்தானே நின்னீங்க?"

பெரியவள் சட்டியை இன்னும் ஆழமாக அமுக்கினாள்.

"நான் உங்களை என்னக்கா பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல" என்றாள் பெரியவள். "உக்காந்த. அவ்வளவுதான்."

அப்போது மேஸ்திரி மேடைப் பக்கமிருந்து கத்தினார். "ஐயோ, இந்த வீரியத்துக்கு வெயில் பட்டா இலையெல்லாம் கருகிடும்! நிழல் வலை இருந்தா கொண்டாங்கப்பா!"

வலை இல்லை. கிடங்கிலிருந்தது போன லாரியில் போய்விட்டது. மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் மருந்துத் தொட்டிக்கு மேலே கட்டியிருந்த பச்சை வலை கண்ணில் பட்டது.

"அதை அவுரு" என்றார் மச்சானிடம்.

வலை இறங்கியது. மேடைக்கு நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். ஓர் ஓரத்தில் வெயில் கசிந்தது. மேஸ்திரியே எட்டி அதைச் சரிசெய்தார். ஈரம் சொட்டிய செடிகள் நிழலில் அசையாமல் நின்றன. பெண்கள் இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுத்த சட்டிகளை அமுக்கினார்கள்.