பன்னிரண்டாவது நிமிஷம்

ரவிக்கைக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் காத்தாயியின் போனில் அந்த மெசேஜ் வந்தது. "அக்கா, காலையில நீங்க போட்ட வீடியோ சுத்தி எனக்கும் வந்துச்சு. அத நீங்க முழுசா பாத்தீங்களா? பன்னெண்டாவது நிமிஷத்துல இருந்து கேளுங்க." அனுப்பியவள் பிளெஸ்ஸி. மணமேல்குடிப் பக்கத்துக் கவுன்சிலர். மாற்றுக் கட்சிக்காரிதான், ஆனாலும் ஏழெட்டு வருஷமாக அறந்தாங்கிக்கு பஸ் ஏறி வந்து காத்தாயியிடம்தான் துணி தைக்கக் கொடுக்கிறாள். இப்போது மடியில் கிடந்த ரவிக்கைகூட அவளுடையதுதான்.

காத்தாயிக்கு அந்த வீடியோவில் என்ன இருந்தது என்றே சரியாக ஞாபகமில்லை. இளங்குமணன் பேட்டி. காத்தாயி நகர மகளிர் அணித் தலைவியாக இருக்கிற கட்சிக்காகச் சேனல் சேனலாகப் போய் மேசையைத் தட்டிப் பேசுகிற அரசியல் விமர்சகர். குளிக்கப் போகிற அவசரத்தில் மூன்று நிமிஷம் பார்த்தாள். குரல் ஏறியது, எதிராளி முழித்தான், போதாதா? "செம பதிலடி அண்ணே" என்று மேலே ஒரு வரி எழுதி, கைதட்டுகிற பொம்மை மூன்று வைத்து, மகளிர் அணிக் குழு, தெருக் குழு, சுயஉதவிக் குழு என்று ஒன்று பாக்கியில்லாமல் தள்ளிவிட்டுத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டாள். நம்ம ஆள் பேசினால் அதை உட்கார்ந்து வேறு கேட்க வேண்டுமா என்ன? கட்சியில் யாரும் கேட்பதில்லை. அடுத்த கட்சிக்காரன் பேசினால்தான் நிறுத்தி நிறுத்தி, திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்.

இப்போது கேட்டாள். பன்னிரண்டாவது நிமிஷத்தில் இளங்குமணன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மணமேல்குடிப் பக்கம் ஒரு கவுன்சிலரம்மா இருக்காங்க. வீட்டுக்காரர் சவுதியில. அம்மா மட்டும் தினம் ஒரு கார்ல இறங்குறாங்க. மக்கள் சேவை ராத்திரி பகல் பாக்காம நடக்குதுங்க. பாவம், சவுதியில இருக்கிறவருக்குத்தான் சேவை கிடைக்கல." பேட்டி எடுத்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இளங்குமணனும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மேலேதான் காத்தாயி மூன்று கைதட்டல் வைத்திருந்தாள்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. அவள் புருஷன் வீரய்யா குவைத்துக்குப் போய்ப் பதினான்கு வருஷம். அந்தத் தெருவில் எண்ணிக்கொண்டே போனால் வீட்டுக்கு ஒரு வீரய்யா. அவர்கள் வீட்டுப் பெண்கள்தான் ஆஸ்பத்திரிக்கும் பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் யாராவது ஒருவர் வண்டியில் ஏறி இறங்குகிறவர்கள். பாவி மனுஷன் பிளெஸ்ஸியை மட்டுமா சொன்னான்!

போன சித்திரையில் இதே காத்தாயி என்ன ஆட்டம் ஆடினாள்! அப்போது பேசியவன் அடுத்த கட்சி விமர்சகன், சடகோபன் என்று பெயர். இவர்கள் தலைவி எந்த அறை வழியாகப் பதவிக்கு வந்தார் என்று டிவியில் கேட்டுவிட்டான். மறுநாளே நாற்பது பெண்களைத் திரட்டி, கையில் விளக்குமாற்றோடு பஸ் ஸ்டாண்டு எதிரே நிறுத்தியவள் காத்தாயி. "பெண்களை இழிவாகப் பேசிய சடகோபன், மன்னிப்புக் கேள்!" என்று எழுதிய துணி பேனரின் ஓரத்தை அவளே மடித்துத் தைத்தாள். சந்தனம் என்கிற அவள் சேக்காளி, சடகோபன் படத்தை அடித்த அடியில் விளக்குமாறே பிய்ந்து போனது. காத்தாயி மைக்கை வாங்கி, "அந்தக் கட்சியில இருக்குற பொம்பளைங்களக் கேக்குறேன், ஒங்க வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டாள். ஊரே கைதட்டியது. அந்தத் துண்டு வீடியோ பிளெஸ்ஸிக்கும் போயிருக்கும், போகாமல் இருக்குமா? அதன் பிறகும் அவள் துணியோடு வந்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அளவைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

மத்தியானம் நகரச் செயலாளர் நிலவழகன் கடைக்கே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், சும்மா சொல்லக்கூடாது. காத்தாயியைக் கட்சிக்குக் கொண்டுவந்ததே அவர். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தார்.

"அந்தப் பிளெஸ்ஸிப் பிள்ள திங்கக்கெழம இங்க போலீஸ் ஸ்டேஷன்ல மனு குடுக்கப் போகுதாம்மா. நம்ம மகளிர் அணி சார்பா ஒரு அறிக்கை விட்ருவோம். அண்ணன் பேசுனத வெட்டி ஒட்டிப் போட்டாங்கன்னு. டைப் அடிச்சே கொண்டாந்துட்டேன், ஒரு கையெழுத்துதான்."

"வெட்டவும் இல்ல, ஒட்டவும் இல்லண்ணே. நாந்தான் முழுசா கேட்டேனே."

"கேட்டா என்ன? அன்னைக்கு அவன் பேசுனது நம்ம தலைவிய. அது வேற, இது வேற."

"என்ன வேற?"

"இது அரசியல் விமர்சனம்மா. ஏதோ தமாஷா ஒரு வார்த்த வந்துருச்சு."

காத்தாயி ஊசியை ரவிக்கையில் குத்தி நிறுத்தினாள். "புதுக்கோட்டையில கூட்டம் முடிஞ்சு ஒங்க கார்ல எத்தன தடவ வந்து எறங்கியிருப்பேண்ணே? எங்க வீட்டுக்காரரும் வெளிநாட்டுலதான் இருக்காரு. இதே தமாஷ அடுத்த கட்சிக்காரன் என்னையும் ஒங்களையும் வச்சுப் பேசியிருந்தா, நீங்க டைப் அடிச்சுக் கொண்டாந்துருப்பீங்களா?"

நிலவழகனுக்கு முகம் செத்துப் போனது. வெளியே பார்த்தார், துண்டால் கழுத்தைத் துடைத்தார். எழுந்திருக்கும்போது, "வர்ற எலெக்ஷன்ல ஒம்பதாவது வார்டு பொம்பளைங்களுக்குன்னு வருது. ஒம் பேரத்தான் எழுதி அனுப்பியிருக்கேன். பாத்துக்கம்மா" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையில் வருத்தமாகத்தான் சொன்னார்.

அந்த வார்டு காத்தாயிக்கு வேண்டும். பொய் சொல்வானேன், ஆசையாக ஆசைப்பட்டாள். பத்தொன்பது வருஷம் கொடி கட்டி, கோலம் போட்டு, வெயிலில் வரிசையாக நின்று, மேடையில் ஏறுகிறவர்களுக்குச் சால்வை நீட்டிய கை அது. தெருக்கோடிச் சாக்கடையை மூடுவதில் தொடங்கி என்னென்ன செய்ய வேண்டும் என்று துணி அளவு எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தாள். தாளை எடுத்துப் படித்தாள். "ஒட்டுமொத்தப் பெண்கள் சார்பாகவும்" என்று தொடங்கியது. யாரைக் கேட்டு ஒட்டுமொத்தம்? அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் நிலவழகன் மேல் பாதி, மூன்று கைதட்டல் பொம்மை மேல் பாதி.

முதலில் போனை எடுத்து, எந்தெந்தக் குழுவில் வீடியோவைப் போட்டாளோ அந்தந்தக் குழுவில் எல்லாம் எழுதினாள். "நான் கேக்காம போட்டது. தப்பு என் மேல. பன்னெண்டாவது நிமிஷத்தக் கேளுங்க. திங்கக்கெழம பத்து மணிக்குப் பஸ் ஸ்டாண்டு எதிர்ல நிக்கிறேன், வர்றவங்க வாங்க." பிறகு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டாள். ஒருத்திக்குத் திங்கட்கிழமை காதுகுத்து. ஒருத்தியின் மருமகள் மாசமாக இருக்கிறாளாம், அதற்கும் இவள் நிற்பதற்கும் என்ன சம்பந்தமோ! சந்தனம் மட்டும் நேராகச் சொன்னாள்: "அடியே, நம்ம ஆள நாமளே எப்புடிடி?"

"அன்னைக்கு வெளக்கமாறு பிய்யப் பிய்ய அடிச்சியே, அது பேசுன பேச்சுக்கா, கட்சிக்கா?"

"எனக்கு மூட்டு வலிடி" என்று போனை வைத்துவிட்டாள் சந்தனம்.

சரி, போகட்டும். காத்தாயி முக்காலியைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பழைய பேனரை இறக்கினாள். தூசி தட்டி மேசையில் விரித்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயரைத் தவிர. வெள்ளை லைனிங் துணியை அளந்து வெட்டி, சிவப்புப் பெயிண்டில் இளங்குமணன் என்று எழுதினாள். சடகோபனைவிட நீளமான பெயர். கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டன. காய்ந்ததும் பழைய பெயர் தெரியாதபடி அதை மேலே வைத்துக் கையாலேயே தைத்தாள். கீழே, தங்கள் கட்சிப் பெயரும் மகளிர் அணி என்பதும் இருந்த இடத்தில் கை வைக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குக் கட்சிக் கரை போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். பேனரின் ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். காற்றுக்குக் கம்பத்து முடிச்சு நழுவி நழுவிப் பேனர் தொய்ந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து படித்துப் பார்த்தார். கட்சிப் பெயரைப் படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார். "பெர்மிஷன் வாங்கினீங்களா? எத்தன பேரு?" என்றார்.

"இப்போதைக்கு ஒருத்தி."

ஒருத்திக்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று அவருக்கே குழப்பமாக இருந்திருக்க வேண்டும். தள்ளிப் போய் நின்று போன் பேசினார். காத்தாயியின் பையிலும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நிலவழகனாகத்தான் இருக்கும். எடுக்கக் கை இல்லை. சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிற்கிற இடத்தில் சந்தனம் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இந்தப் பக்கம் பார்ப்பதும் கூடைக்குள் பார்ப்பதுமாக இருந்தாள்.

பத்தே முக்காலுக்கு மணமேல்குடி பஸ்ஸிலிருந்து பிளெஸ்ஸி இறங்கினாள். கையில் பிளாஸ்டிக் கவரில் மனு. சாலையைக் கடந்து வந்து பேனரை மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"ஒங்க கட்சிப் பேரு அப்புடியே இருக்கு?"

"வேற எந்தக் கட்சி நான்?"

பிளெஸ்ஸி மனுக் கவரை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "அன்னைக்கு நீங்க மைக்கில கேட்டது எனக்கும் வந்துச்சுக்கா. சுருக்குன்னு இருந்துச்சு. ஆனா வாயத் தெறக்கல. எங்க ஆளுங்க சொன்னாங்க, அது வேற, இது வேறன்னு" என்றாள்.

"தெரியும். எனக்கும் அதேதான் சொன்னாங்க. நான் கைதட்டுனதுக்கு என்னய நாலு வார்த்த கேளு, கேட்டுக்கிறேன். ஆனா மொதல்ல அந்தக் கயித்தப் புடி, கை கடுக்குது."

பிளெஸ்ஸி நகரவில்லை. "நாளைக்கு எங்க ஆளு மறுபடி பேசுனா?"

காத்தாயி பெயர் தைத்திருந்த துணியின் ஓரத்தை விரலால் தூக்கிக் காட்டினாள். "மெஷின்ல அடிக்கல. லேசாத்தான் நூல் ஓட்டியிருக்கேன், ஒரு இழுப்புல வந்துரும். எங்கிட்ட வெட்டுத்துணி நெறைய கெடக்கு. அன்னைக்கு நீ வந்து நிப்பியா, அத மட்டும் சொல்லு."

பிளெஸ்ஸி மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கம்பத்துப் பக்கம் போனாள். நழுவிக் கிடந்த முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்தாள். எதிரே சந்தனத்தின் பஸ் வந்து நின்றது. புறப்பட்டும் போனது. புழுதி அடங்கியபோது சந்தனம் கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.