வலப்பக்க இருக்கை

என் அண்ணன் மகோன் டப்ளினிலிருந்து திரும்பி வந்த அன்று நடந்த விருந்தில், அவருடைய வலப்பக்கம் நான் உட்காரவில்லை. பதினாறு வருடமாக அது என் இடம்.

எங்கள் குலத்தில், தலைவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குப் பிறகு யார் என்று எல்லாரும் கூடித் தேர்ந்தெடுத்துவிடுவோம். மகன்தான் வரவேண்டும் என்றில்லை. ஒரே ரத்தத்தில் யார் தகுதியானவனோ அவன் வருவான். என்னைத் தேர்ந்தெடுத்த அன்று, குன்றின் மேலிருக்கும் பாறையில் ஒற்றைக் கால் வைத்துச் சத்தியம் செய்தேன். இரண்டு காலும் வைப்பது அண்ணன் போன பிறகு.

இப்போது என் இடத்தில் அண்ணன் மகன் லோக்லன் உட்கார்ந்திருந்தான். வயது பத்தொன்பது. லண்டன் மன்னர் கொடுத்தனுப்பிய மென்மயிர் அங்கி அண்ணன் தோளில் கிடந்தது.

"தம்பி அன்லான், கோவிச்சுக்காதே," என்றார் அண்ணன். "நம்ம நிலத்தையெல்லாம் ராஜாகிட்ட ஒப்படைச்சேன். அவரு அதையே எனக்குத் திருப்பிக் கொடுத்துட்டாரு. இனிமே நான் பிரபு. எனக்கப்புறம் என் மூத்த பிள்ளை. அவங்க சட்டம் அப்படி."

"நிலம் உங்க ஒருத்தரோடதா அண்ணே? குலத்தோடதில்ல?"

"ஒப்படைக்கலேன்னா பீரங்கியோட வந்து புடுங்கியிருப்பான். அது தேவலையா உனக்கு?"

லோக்லன் சட்டென்று எழுந்தான். "சித்தப்பா, நீங்க இங்க உக்காருங்க. நான் அந்தப் பக்கம் போயிடறேன்."

என் இடத்தை எனக்கே தானம் கொடுக்கிறான். "உக்காருப்பா. வளர்ற பிள்ளை, நெருப்புப் பக்கம் இரு. எனக்கு அங்க வேர்க்குது," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாட்டிறைச்சி வாயில் மண்ணாக இருந்தது.

அதன்பிறகு மூன்று வருடம், அவன் செய்ததெல்லாம் என் கண்ணில் உறுத்தியது. அவன் குதிரை ஏறினால் கிழவர்கள்கூட வெளியே வந்து பார்த்தார்கள். அறுவடை விருந்தில் எங்கள் புலவர் அவனைப் பற்றி ஒன்பது செய்யுள் பாடினார். என்னைப் பற்றி ஒன்று. அதிலும் பாதி என் தகப்பனாரைப் பற்றியது. அவன் திமிர் பிடித்தவனாகவாவது இருந்திருந்தால் தாராளமாக வெறுத்திருப்பேன். ஆற்றங்கரைச் சண்டையில் என் தொடையில் ஈட்டி பாய்ந்தபோது, முதுகில் என்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடந்தவன் அவன்தான். அதற்கும் ஊரெல்லாம் அவனையே புகழ்ந்தது. ஈட்டி வாங்கியவன் நான்.

மழைக்காலத் தொடக்கத்தில் அண்ணன் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். அடக்கம் முடிந்து நான்காம் நாள் காலை, அண்ணி நூலா என் கோட்டைக்கு வந்தாள்.

"டப்ளின் அதிகாரிங்க இந்த வாரம் வர்றாங்களாம். உங்க அண்ணனும் நானும் நெருங்கின சொந்தம், திருச்சபை விதிப்படி அந்தக் கல்யாணம் செல்லுமான்னு கேப்பாங்களாம். செல்லும்னு ரோமாபுரியிலேருந்து வந்த கடுதாசி உங்க பெட்டியிலதானே இருக்கு?"

மன்னருக்கும் போப்புக்கும் பகை மூள்வதற்கு முன்பே வந்ததால், அதிகாரிகளாலும் தள்ள முடியாத கடிதம் அது. அதை வைத்திருந்த துறவிகள் மடத்தைக் காலி செய்தபோது தங்கள் பெட்டியை என்னிடம் விட்டுப் போயிருந்தார்கள்.

"பாத்து எடுத்துட்டு வர்றேன் அண்ணி," என்று மாடிக்குப் போனேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. மேலாகவே கிடந்தது. கையில் எடுத்தபோது ஒன்றுதான் தோன்றியது: இது இல்லாவிட்டால் அவர்கள் சட்டப்படி லோக்லன் முறையான பிள்ளையே இல்லை. அவன் இல்லாவிட்டால் நான். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அறை அடுப்பில், நாங்கள் விறகாக எரிக்கும் சதுப்பு மண்கட்டிகள் கனன்றுகொண்டிருந்தன. கடிதம் எழுதியிருந்த தோல் சுருங்கிக் கருகும் வாடை கீழே போய்விடக்கூடாதென்று ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

"இல்ல அண்ணி. துறவிங்க கையோட கொண்டு போயிட்டாங்க போல," என்றேன்.

அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே, "ஐயோ, என் பிள்ளை," என்றாள்.

அதிகாரி வந்தான். சளி பிடித்த, ஒல்லியான மனிதன். சாட்சிகளை விசாரித்தான். முடிவில் லோக்லன் வாரிசல்ல என்று எழுதினான். நான் முன்னே போய் நின்றேன்.

"அப்போ அடுத்தது நான்தானே? இறந்தவருக்குக் கூடப்பிறந்த தம்பி நான்."

மொழிபெயர்ப்பவன் அதைச் சொன்னதும் அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை அலுப்போடு பார்த்தான். மொழிபெயர்ப்பவன் திரும்பிச் சொன்னான்: "மன்னர் நிலத்தைக் கொடுத்தது உங்க அண்ணனுக்கும் அவருக்கு முறையாப் பொறந்த ஆண் பிள்ளைங்களுக்கும். தம்பிக்கு இல்ல. அப்படி பிள்ளை இல்லேன்னா நிலம் மன்னருக்கே போயிடும்."

"எவ்வளவு நிலம்?"

"மொத்தமும்தான். உங்க கோட்டையும் சேத்து."

ஒரு மாதத்தில், பெயர்கூட எங்கள் வாயில் நுழையாத ஒரு படைத்தலைவன் ஐம்பது பேரோடு வந்து அண்ணன் வீட்டில் குடியேறினான். நாங்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைக்காட்டுக்குப் போனோம்.

அங்கே என்னைத் தலைவனாக்க வேண்டும் என்று சொன்னவன் லோக்லன்தான். "அவங்க சட்டம் நம்மளைக் கைவிட்டுடுச்சு. நம்ம முறைப்படி சித்தப்பாதான்," என்றான். தூறலில் நாற்பது பேர் குன்றின் மேல் ஏறினார்கள். பாறையில் இரண்டு காலையும் வைத்தேன். தலைவனுக்குரிய வெள்ளைக் கோலை என் கையில் கொடுத்துவிட்டு, என் பெயரை முதலில் உரக்கச் சொன்னவன் அவன். அவன் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் சொன்னார்கள். ஆளுவதற்கு ஒரு வயல்கூட இல்லாத தலைவனானேன்.

இரண்டு குளிர்காலம் காட்டில் கழிந்தது. ஆட்கள் குறைந்தார்கள். பிரெஞ்சுப் படையில் சேரப்போவதாக லோக்லன் சொன்னான். துறைமுகம்வரை கூடப் போனேன். படகு காத்திருந்தபோது, அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"லோக்லன், அந்தக் கடுதாசி பெட்டியிலதான் இருந்துச்சு. நான் எரிச்சுட்டேன்."

அவன் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"அப்பா இருக்கறப்பவா, செத்தப்புறமா?"

"செத்தப்புறம்தான்."

"சரி. அவருக்குத் தெரியாம போச்சு," என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படகில் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் தள்ளி நின்ற அண்ணி அழுதாள். அவளோடு வந்த பெண்கள் எல்லாரும் அழுதார்கள். யாரென்றே தெரியாத மீன்காரிகள்கூட நின்று கண்ணைத் துடைத்தார்கள். பாய்மரம் மறையும்வரை நான் அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் போனால் இவர்களில் ஒருத்தியாவது அழுவாளா என்று அந்த நேரத்திலும் என் மனம் எண்ணிக்கொண்டிருந்தது.