வியூவில் பிழைத்த மாப்பிள்ளை

குடிமக்கள் பதிவு அலுவலகத்தில் இருபது வருடம் மெயின்ஃப்ரேம் கணினி முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவர் சோடாபுட்டி. அன்று அவருக்கு வாய்த்த வேலை, மச்சினனை உயிரோடு எழுப்புவது. பதினொரு மணிக்கு அவனுக்குப் பக்கத்து அறையில் பதிவுத் திருமணம். குடிமக்கள் ஃபைலிலோ அவன் பெயருக்கு நேரே யாரோ தவறுதலாகத் தட்டிவிட்ட ‘காலமானார்’. செத்தவனுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பதிவாளர் அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார்.

சோடாபுட்டி அப்போது தெருப்பெயர் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதை மூடாமல், அதற்குள்ளிருந்தபடியே குடிமக்கள் ஃபைலை வியூவில் திறந்தார். மச்சினன் வரியைக் கண்டதும் கை சும்மா இருக்குமா? ‘காலமானார்’ என்பதை அடித்துவிட்டு ‘உயிருடன்’ என்று போட்டார். வெளியே வரப்போகும்போதுதான் உறைத்தது. வியூவில் பார்க்கலாம், இஷ்டத்துக்குக் கிறுக்கலாம், சேமிக்க முடியாது. வெளியே வந்தால் கிறுக்கியதெல்லாம் போச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்.

சேமிக்க வேண்டுமென்றால் எடிட்டில் திறக்க வேண்டும். குடிமக்கள் ஃபைலை மேலாளர் காலையிலேயே எடிட்டில் திறந்து போட்டுவிட்டுப் பல் பிடுங்கப் போய்விட்டார். ஒருவர் எடிட்டில் பிடித்திருக்கும் ஃபைலில் இன்னொருவர் கைவைக்க முடியாது. அவர் நாளைக்குத்தான் வருவாராம்.

வேறு வழியில்லாமல் பதிவாளர் அம்மாளைத் திரைக்கு முன்னால் அழைத்துவந்தார். அம்மாள் மாப்பிள்ளையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. திரையை இரண்டு முறை படித்தார்.

“உயிரோடதான் இருக்காரு. பேனாவ குடுங்க.”

அங்கேயே, சோடாபுட்டியின் மேசைமேல், கையெழுத்தெல்லாம் முடிந்தது. அவர் மனைவி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். சோடாபுட்டி நிம்மதியாக, விசைப்பலகையில் வெளியேறும் கட்டைமேல் விரலை வைத்தார். மணப்பெண் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“அத அமுக்கினா இவரு என்ன ஆவாரு?”

பழையபடிதான் என்று இழுத்தார் சோடாபுட்டி. சும்மா விட்டாலும் பத்து நிமிடத்தில் திரை தானாக மூடிக்கொள்ளும்; மேலாளர் திரைக்கு மட்டும்தான் அந்த விதி கிடையாது. நடுநடுவே எதையாவது தட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எந்திரிங்கண்ணா. மேனேஜர் வர்ற வரைக்கும் நான் தட்டிக்கிட்டு இருக்கேன். கல்யாணமான அன்னிக்கே விதவையா வீட்டுக்குப் போக என்னால முடியாது.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கட்டையைத் தட்டினாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கொண்டிருந்தான்.